ஏரலில் அக்கா ஒளிந்த அறை

தொண்ணூற்று நான்கில் என் அக்கா சண்முகசுந்தரிக்கு ஒரே சமயத்தில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. அவள் நர்ஸாக இருந்த பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலேயே, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி ஒன்று. மற்றது ஏரலில் அதே ஆஸ்பத்திரி புதிதாகத் திறக்கும் கிளினிக்கில் வேலை. அங்கே டாக்டர் எப்போதாவதுதான் வருவார். நோயாளியைப் பார்த்து மருந்து கொடுப்பதெல்லாம் நர்ஸ்தான். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார் மேட்ரன் தேவமணி.

அக்காவுக்கு ஏரல்மேல் ஆசை. ஆனால் அவளைப் பெண் கேட்டிருந்த வீடும் ஏரலில்தான் இருந்தது. நர்ஸ் என்றால் சம்பந்தம் அமையாது என்று பயந்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறாள் என்று அம்மா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"தியேட்டர்னா முகத்த மூடிக்கிட்டுல்லா நிப்ப. நோயாளியும் தூங்கிருவான். யாருக்குட்டி தெரியப் போவுது?" என்றாள் அம்மா.

"அப்பம் மாப்பிள்ளைக்கும் ஆயுசுக்கும் மயக்க மருந்து குடுக்கச் சொல்லுதியா?"

அப்படிச் சொல்லிச் சிரித்தாலும், அக்கா தியேட்டருக்கே சரி என்றாள். நான் பி.எஸ்ஸி. முடித்ததைத் தெருவெல்லாம் சொன்ன அம்மா, என்னைப் படிக்க வைத்தவளின் வேலையை ஏன் மறைத்தாள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏரலில் ஆஸ்பத்திரியின் இலவச மருத்துவ முகாம்; அக்காவுக்கு அன்று அங்கே வேலை. வருகிறவர்களின் பெயரைப் பதிய நானும் போயிருந்தேன். வரிசையில், காலில் துணி சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா. அக்கா பார்த்ததும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அம்மாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஆயா மஹ்மூதா பீவி கட்டை அவிழ்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"சுந்தரிம்மா, விரலு கறுத்துக் கெடக்கு!"

அக்கா வெளியே வந்தாள்.

"நீ கணக்கு எழுதுதன்னுல்லா சொன்னாவ?" என்றாள் அந்த அம்மாள்.

"இல்ல, அத்தை. நான் நர்ஸு. காலக் குடுங்க."

அந்த அம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வரப்போற பிள்ள என் சீழத் தொடவா?"

அக்கா காலைப் பிடித்து மடியில் வைத்தாள். நாற்றம் தாங்காமல் நான் தள்ளி நின்றேன். "இம்புட்டு முத்துற வரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கையில சர்க்கரை வியாதின்னு வெளிய தெரியலாமா? வீட்டுலகூடக் காட்டல."

அக்காவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்போதே வேனில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினாள். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டிலிருந்து பிறகு பேச்சே இல்லை. அம்மாவும் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முகாமுக்கு மறுநாள், சனிக்கிழமை, அக்கா ஏரலுக்கே போவதாக மேட்ரனிடம் சொன்னாள்.

"நல்லதுதானே சுந்தரி, ஏன் தண்டனை மாதிரி சொல்லுத?" என்றார் மேட்ரன்.

"கதவத் தொறக்காம இருந்திருந்தேன்னா அவங்களுக்குக் காலே போயிருக்கும். நான் உள்ள ஒளிஞ்சிக்கிட்டுல்லா இருந்தேன்" என்றவள், தியேட்டருக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள்.