நித்தியானந்தனுக்கு ஏரிப் பயம்

தென்லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், ட்ராம் நிற்கிற இடத்துக்குக் கிட்ட மூலைக்கடை வைத்திருக்கும் நித்தியானந்தனுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை, படகு போகிற தண்ணீரை. லண்டனுக்கு வந்து அரை ஆயுள் போய்விட்டது, மனிதர் தேம்ஸில் ஒருதரம் படகேறியதில்லை. பாலத்தில் ரயில் போகும்போதுகூட முகத்தைப் பேப்பருக்குள் புதைத்துக்கொள்வார். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன, சிரிக்கலாம். கிளாலிக் கடலில் அண்ணனைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள் இல்லையே.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் விதுஷா வேலைக்கென்று தேடிப் பிடித்த இடம் ஓர் ஏரி. உகண்டாவின் தென்மேற்கு மலைகளுக்கு நடுவே, தீவும் மூடுபனியுமாகக் கிடக்கிற புன்யோன்யி ஏரி. அங்கே ஒரு தீவில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து விருந்தினர் விடுதி நடத்துகிறார்கள். பயணிகளைச் சந்தைக்கரையிலிருந்து படகில் கூட்டிவந்து ஊரைச் சுற்றிக்காட்டுவது விதுஷாவின் பொறுப்பு. சந்தை நாளில் ஆடும் அன்னாசியும் வாழைக்குலையும், மரத்தைக் குடைந்து செய்த படகுகளில்தான் வந்து இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களே துடுப்புப் போட்டுப் போய் வருவார்கள். நமக்கு பஸ் எப்படியோ அவர்களுக்குப் படகு அப்படி. மகள் அனுப்பும் வீடியோக்களைத் தாய் செல்வமலர் வாய் பிளந்து பார்ப்பாள். தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆழம் எவ்வளவு பிள்ளை?"

"ஆளுக்கொரு கணக்குச் சொல்லினம் அப்பா. அடியைக் கண்டவை ஒருத்தரும் இல்லையாம்."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். அவர் பகிடியாக எடுக்கவில்லை. அன்றே சட்டம் போட்டார்: படகேற முன் ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒரு மெசேஜ். விதுஷா முனகினாள். கரையிலும் ஏரியிலும் போன் நன்றாக எடுக்கும், ஆனால் தீவில் சிக்னல் கிடையாது, விடுதிக்குப் பின்னால் இருக்கிற குன்றின் உச்சிக்கு ஏறவேண்டும் என்றாள். "அப்ப ஏறு" என்றுவிட்டார்.

ஒக்டோபர் மாதம், மழைக்காலம். ஒரு மத்தியானம் அவர் பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது. "சேர்ந்திட்டம். ஒரு பிரச்சினையும் இல்லை." அப்பாடா என்று மூச்சு விட்டவர், வழக்கம்போல விடுதியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். விருந்தினரோடு படகு புறப்படும்போதெல்லாம் சந்தைக்கரையில் நிற்கும் கெமிகிசா என்ற பெண் ஒரு படம் போடுவாள். இப்போதும் போட்டிருந்தாள், விதுஷாவின் மெசேஜுக்குப் பிறகு. படகு கரையை விட்டு விலகுகிறது. முன்னால் செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு அவருடைய பிள்ளை. பின்னால் மலையையே மறைத்துக்கொண்டு கருமேகம்.

படத்தைப் பிந்திப் போட்டிருப்பாள் என்று தன்னைத் தேற்றப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. ஏனென்றால் இந்த "சேர்ந்திட்டம்" அவருக்குப் பழக்கமானது.

தொண்ணூறுகளின் தொடக்கம், போரினால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற வேறு பாதை இல்லாத காலம். அண்ணன் பாலேந்திரா கிளாலிக் கடலைக் கடக்கப் போனார். மறுநாள் காலை, கரையிலிருந்து திரும்பிய ஒருவர் படலையில் நின்று, "பாலேந்திரா அக்கரை சேர்ந்திட்டார், அம்மாவை யோசிக்க வேண்டாமாம்" என்றார். அம்மா பிள்ளையாருக்குப் பொங்கினார். படகேறும் முன்பே அண்ணன் அந்தச் சொல்லை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. தாய் கவலைப்படக்கூடாது என்ற பாசம்தான், வேறென்ன. அந்தப் படகு அக்கரையைக் காணவேயில்லை.

இதை அவர் விதுஷாவுக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே பிள்ளை அதையே செய்திருக்கிறது.

உடனே அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாள். எடுத்ததுதான் அவரைக் கொன்றது. தீவில் இருந்தால் போன் அடித்தே இராது.

"சேர்ந்திட்டம் எண்டு போட்டனான் அப்பா. பார்க்கேல்லையோ?"

அவளுடைய குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. மரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம். ஓர் ஆண் விட்டுவிட்டு ஏதோ கத்தினார், படகோட்டியாக இருக்கவேண்டும். யாரோ தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றினார்கள். ஒரு வயதான பெண் ஆங்கிலத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். நித்தியானந்தன் கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனடி பொய் சொன்னனீ" என்று கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் படகில் விருந்தினர்கள் எல்லாரும் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் அழுதால் அவர்கள் பதறி எழும்புவார்கள், ஒருவர் எழும்பினாலும் போதும், படகு கவிழ்ந்துவிடும். கத்தலை விழுங்கிக்கொண்டார்.

"பார்த்தனான் பிள்ளை. சும்மா எடுத்தனான். என்ன சாப்பாடு?"

"ஏரி இறால் அப்பா. வாழைக்காய் அவிச்சிருக்கினம்" என்றாள். பல் கிடுகிடுப்பது கேட்டது.

"உறைப்புப் போட்டவையோ?"

"இல்லை. அம்மா தந்த தூளை நான்தான் போட்டனான்."

"வடிவாச் சாப்பிடு. கதவைச் சாத்திப்போட்டு இரு, மழை போல."

"ஓம் அப்பா. வீட்டுக்குள்ளதான் இருக்கிறம்."

அவள் அங்கே இல்லாத வீட்டுக்குள் இருந்து இல்லாத சாப்பாட்டைச் சொன்னாள், அவர் உப்புக் காணுமோ என்று கேட்டார். ஒரு வாடிக்கையாளர் சிகரெட் கேட்டு வந்தார். இவர் முழுப் பெட்டியையும் எடுத்துக் கையில் திணித்துப் போகச் சொன்னார். பிறகு ஒரு பெரிய அலறல், ஒருத்தருடையது இல்லை, எல்லாருடையதும். லைன் அறுந்துபோனது.

திரும்பத் திரும்ப அழைத்தார். போன் போகவில்லை. முருகா, என்னை எடு, அவளை விடு என்று கடை நடுவில் நின்று வாய்விட்டுச் சொன்னார். வெட்கம் எல்லாம் அப்போது எங்கே இருந்தது.

அந்நேரம் பார்த்துச் செல்வமலர் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து உள்ளே வந்தாள். முகம் பூராவும் சிரிப்பு.

"பிள்ளை சேர்ந்திட்டாளாமப்பா, எனக்கும் மெசேஜ் வந்தது. அக்காவுக்கும் சொல்லிப்போட்டன். தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம்" என்றார். வேறு எதைச் சொல்வார்? அம்மா பொங்கலை இறக்கியபோது சிரித்த சிரிப்பு இதுதான். இந்தச் சிரிப்பை நிற்பாட்டப்போகிற ஆள் தானாகத்தான் இருக்கவேண்டும். உள்ளே கேத்தல் கொதித்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தபிறகு போன் அடித்தது. முதலில் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது, மேட்டில் ஓடி ஏறிய ஆளுக்கு வாங்குகிற மாதிரி.

"அப்பா... சேர்ந்திட்டம்."

"முந்தியும் அதைத்தானே பிள்ளை சொன்னனீ."

"இல்லையப்பா." விதுஷா உடைந்து அழுதாள். "இப்பதான். எல்லாரும் சேர்ந்திட்டம். இப்பதான் அப்பா."

நித்தியானந்தன் பால் பெட்டியின் மேல் அப்படியே இருந்துவிட்டார். கண்ணும் மூக்கும் ஒழுக, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செல்வமலர் கையில் கோப்பையோடு ஓடிவந்தாள்.

"என்னப்பா இது, கடைக்குள்ள இருந்து? அவள் எப்பவோ சேர்ந்திட்டாள் எண்டு சொன்னனானெல்லோ. இப்ப என்னத்துக்கு அழுறியள்?"