உறுப்பினர் தட்டிப் பார்த்த சுவர்

எங்கள் சட்டமன்ற உறுப்பினரை நினைத்தால் அவர் மேடையில் நிற்கும் தோற்றம் எனக்கு முதலில் வருவதில்லை. எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, அப்போதுதான் பூசி முடித்திருந்த செங்கல் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாரே, அந்தச் சத்தம்தான் வருகிறது. ஈரம் காயாத சுவர் என்பதால் சத்தம் அடங்கிக் கேட்டது. "நல்ல கட்டு," என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்பத்தூரில் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளில் சித்தாளாக வேலை பார்த்தவள் அவள். வருடக்கணக்காக மற்றவர்களின் சுவர்களுக்குக் கலவை சுமந்தவளின் சொந்தச் சுவரை ஒரு பெரிய மனிதர் பாராட்டியது அதுவே முதல் தடவை. அந்தச் சுவர் நிற்கப் போவதில்லை என்பது அவருக்கு அப்போதே தெரியும்.

மேனாம்பேட்டின் ஓரத்தில், ஏரியின் உபரிநீர் போகும் கால்வாயை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் வீட்டு வரிசை இருந்தது. எல்லாம் வயல் வேலை செய்துவந்த குடும்பங்கள். அறுபதுகளில் வயல்கள் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, அதே ஆட்கள் அதே பாதையில் நடந்து பட்டறை வேலைக்குப் போனார்கள். வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே, யார் பெயரிலும் இல்லாமல் இருந்தன. அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எங்களுக்கென்று இருந்தவை மண்சுவர் வைத்த ஓர் அறையும், என்றாவது அதற்குப் பட்டா கிடைக்கும் என்ற பேச்சும்தான். பட்டா வந்தால் யாரும் எங்களை எழுப்பிவிட முடியாது. அம்மா விரும்பியது இந்த ஒன்றைத்தான்.

ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் முடிந்த பிறகு, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உறுப்பினர் எங்கள் பகுதிக்கு வருவார். ரேஷன் கடைக்கு எதிரே ஒரு மேசை போட்டிருக்கும். வேப்ப மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டியிருப்பார்கள். மாலையோடு வருபவர்களைக் கையமர்த்தி உட்காரவைத்துவிடுவார். அடுக்குமொழி எல்லாம் கிடையாது. கணக்கு வாத்தியார் போலப் பேசுவார். அவருடைய பேச்சுக்கு எப்போதும் மூன்று தலைப்புகள்: வந்தது, வராதது, கேட்டிருப்பது. தெருவிளக்குக்குப் பணம் வந்தது. கால்நடை மருந்தகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால் இன்ன காரணம். பட்டா கேட்டிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்பார்.

அவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது இரண்டாவது தலைப்பால்தான். கிடைக்காததை ஒலிபெருக்கியில் சொல்லும் அரசியல்வாதியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. எதிர்வீட்டில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார், தெருவுக்கே அண்ணாத்தே. அவர் சொல்வார்: "வந்துச்சுன்னு சொல்ல ஆயிரம் பேரு கீறான். வரலன்னு மைக்குல சொல்றதுக்கு இவரு ஒருத்தருதான் கீறாரு. மத்தவனுங்களுக்கு அதுவும் வராது."

முன்வரிசையில் உட்கார்ந்து, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தை மூன்றாக மடித்து, அவர் சொல்வதை எல்லாம் அந்தந்தத் தலைப்பின் கீழ் எழுதுவேன். எதையும் பட்டியலாகப் போட்டால்தான் எனக்குப் புரியும் என்ற வழக்கம் அங்கே பிடித்ததுதான். இன்றும் கடைக்குக் கிளம்பினால் அந்த மூன்று தலைப்புகளில்தான் மனம் ஓடுகிறது. ஒரு வருடம் அவர் என்னைக் கவனித்து மேசைக்கு அழைத்தார். தாளை வாங்கிப் பார்த்து, நான் விட்டுவிட்ட ஒன்றைத் தன் பேனாவால் சேர்த்துக் கொடுத்தார். பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறியபோது, என்னைத் தையல் வகுப்புக்கு அனுப்பவிருந்த அம்மாவைத் தடுத்தவரும் அவர்தான். கட்டடக் கலை படிக்கட்டும் என்று சொல்லி, பாலிடெக்னிக்குக்கு வேண்டிய சான்றிதழ்களில் அவரே கையெழுத்துப் போட்டார். அந்த நன்றியை நான் இப்போதும் மறுக்கவில்லை. மறுக்க முடிந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நான் படிப்பை முடித்த வருடத்துக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழிற்பேட்டைக்கு இணைப்புச் சாலை, எதிரெதிரே இரண்டு லாரிகள் போகும் அகலத்தில், நிதி ஒதுக்கியாகிவிட்டது என்றார். அது "வந்தது". கால்வாய் வரிசைக்குப் பட்டா, கோப்பு மேலே போயிருக்கிறது, வீடுகளை அளந்து கொடுத்தால் மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அது "கேட்டிருப்பது". இரண்டுக்கும் கை தட்டினோம். நானும் இரண்டையும் எழுதிக்கொண்டேன். பட்டியலில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இடம்விட்டு நிற்கும். தரையில் அவை ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடும் என்பது அதைப் பார்த்தால் தெரியாது.

அளக்கும் வேலையை அவர் என்னிடமே கொடுத்தார். தாலுகா அலுவலகத்து ஆட்கள் வந்தால் ஜனங்கள் மிரளுவார்கள், வீட்டுப் பெண் என்றால் கதவைத் திறப்பார்கள் என்றார். திறந்தார்கள். பாலிடெக்னிக் ஆசிரியை ஒருவரிடம் அளவு டேப்பை இரவல் வாங்கி வந்தேன். அண்ணாத்தே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். அவர் வீட்டு முறை வந்தபோது, "இன்னா இன்ஜினீரு, நம்ம ஊட்டுக்கு ரெண்டடி சேத்துப் போடேன். கவர்மெண்டு எடம்தானே, உங்க நைனா சொத்தா?" என்றார். அளந்த வீட்டின் கதவில் தாரால் எண் எழுதினேன். எங்கள் வீடு பதினொன்று. தார் காய்ந்ததும் அம்மா அந்த எண்ணுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அதைப் பார்த்து வரிசை முழுக்க அப்படியே செய்தார்கள்.

அதன் பிறகுதான் சுவர் எழுந்தது. எண் போட்டாகிவிட்டது, இனி வீடு நம்முடையது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். வேலை நடக்கும் இடங்களில் ஒதுக்கிப் போட்ட உடைந்த செங்கற்களைக் கேட்டு வாங்கி, தினமும் கூடையில் சுமந்து வந்தாள். மண்சுவரை ஒரு பக்கமாக இடித்து, ஒரு பக்கமாகக் கட்டினோம். நூல் பிடித்தது நான். கரணை பிடித்தது அவள். பூச்சு முடிந்த மறுநாள் உறுப்பினர் வந்தார், அளந்ததை வைத்து நான் போட்டிருந்த வரைபடத்தை வாங்கிப் போக. அப்போதுதான் சுவரைத் தட்டிப் பார்த்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். வரைபடத்தில் என் எழுத்து அச்சுப் போல இருப்பதாகச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் அலுவலகத்தார் வந்தார்கள். ஒரு ஜீப், பின்னால் ஆட்களோடு ஒரு லாரி. அதிகாரி கையில் என் வரைபடம். அவர் ஒன்றாம் எண்ணிலிருந்து உரக்கக் கூப்பிட ஆரம்பித்தார். பட்டா கொடுக்க வந்துவிட்டார்கள் என்று வரிசையில் பேச்சு பரவியது. பெண்கள் அவசரமாகத் தலைவாரிக்கொண்டு வெளியே வந்தார்கள். "பதினொன்று" என்றதும் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி முன்னால் போய், "நான்தான்யா," என்றாள். வகுப்பில் வருகைக்குக் குரல் கொடுக்கும் பிள்ளையைப் போல இருந்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: இணைப்புச் சாலை இந்த வழியாகத்தான் போகிறது, ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும், பட்டாபிராமுக்கு அந்தப் பக்கம் மாற்று இடம் உண்டு. அம்மாவுக்குப் புரியவில்லை. சுவரைக் காட்டி, இது செங்கல் என்றாள். வரைபடத்தில் மண்சுவர் என்றுதான் இருக்கிறது என்றார் அவர். ஆமாம், அப்படித்தான் எழுதியிருந்தேன். நான் அளந்த அன்று அது மண்சுவர்.

மறுநாள் காலை உறுப்பினரின் வீட்டுக்குப் போனேன். மனுவோடு காத்திருந்தவர்களைத் தாண்டி என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் டீ குடித்த அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். மறைப்பார் என்று நினைத்தேன், மறைத்திருக்கலாம்.

"தெரியும்மா," என்றார். "சொல்லியிருந்தா ஜனங்க வழியில உக்காந்திருப்பாங்க. ரோடு நின்னு போயிருக்கும். ரோடு இல்லன்னா அடுத்த பாக்டரி வராது, உங்க ஆளுங்களுக்கு வேலையும் வராது. நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. ரோடு வந்ததுன்னு சொன்னேன், வந்தது. பட்டா கேட்டிருக்குன்னு சொன்னேன், கேட்டுத்தான் இருந்தேன். படிச்ச பொண்ணு, நீ புரிஞ்சிக்குவேன்னு நெனச்சேன்."

அவர் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது அந்தக் கடைசி வாக்கியம். வீட்டுக்குத் திரும்பினேன். சுவரை நாங்களே இடித்தோம், முழுச் செங்கற்களையாவது காப்பாற்றலாம் என்று. எங்களை ஏற்ற வந்த லாரியில் செங்கலுக்கு இடமில்லை என்றுவிட்டார்கள்.

எனக்கு வரைவாளர் வேலை கிடைத்தது. பட்டாபிராம் பொட்டலில் அம்மா மறுபடியும் ஓலை வேய்ந்துகொண்டாள். அங்கிருந்து விடிவதற்குள் ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு கூட்டத்தொடர் முடிந்ததும் உறுப்பினர் அந்தப் பொட்டலுக்கே வந்தார். அதே மூன்று தலைப்புகள். சாலை வந்தது, மேனாம்பேட்டு மக்கள் மனமுவந்து இடத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். குடிநீர்க் குழாய் வரவில்லை. இந்த இடத்துக்குப் பட்டா கேட்டிருக்கிறது. பிறகு, கேள்வி உண்டா என்றார்.

எழுந்து நின்றேன். "இந்த எடத்து மேல வேற என்னென்ன திட்டம் இருக்குதுங்கய்யா? அதையும் இப்பவே சொல்லிடுங்க," என்றேன்.

அவர் சிரித்தபடி, "நம்ம இன்ஜினீரம்மா," என்று பக்கத்திலிருந்தவர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். எனக்குப் பின்னால் யாரோ உஸ் என்று என்னை அடக்கினார்கள். அண்ணாத்தே தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு கண்ணு," என்றாள், உதடு அசையாமல். "அவரு கோச்சிகினு பூட்டாருன்னா பைப்பும் வராது."

நான் உட்கார்ந்தேன். அவர் அடுத்த ஆளுக்குப் போனார்.

அதன் பிறகு அந்தக் கூட்டங்களுக்கு நான் போவதில்லை. அலுவலகத்துக்குப் போக அந்த இணைப்புச் சாலையில்தான் பேருந்து. நல்ல சாலை, மழையிலும் தண்ணீர் நிற்பதில்லை. அம்மா மட்டும் ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை. அன்று வேலை இருந்தால் சீக்கிரம் வந்து, முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில், மேசைக்கு நேர் எதிரே உட்காருகிறாள். அங்கே என்னதான் கேட்கப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். கேட்பதற்காகப் போகவில்லை என்றாள். தான் இன்னும் இருப்பதை அவர் பார்க்க வேண்டுமாம்.