படத்தில் முப்பத்தெட்டுப் பேர்

எங்கள் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'ஒரே குத்து' என்றுதான் கூப்பிடுவோம். ரத்தம் எடுக்க உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் அவள் இரண்டாவது தடவை ஊசி குத்தி நான் பார்த்ததில்லை. கிழவரின் தளர்ந்த கையோ, கைக்குழந்தையின் மொழுமொழுத்த கையோ, இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். நரம்பு தானே வந்து நிற்கும். வார்டில் பயிற்சி டாக்டர்கள் மூன்று நான்கு தடவை குத்திவிட்டு, "கொஞ்சம் வர முடியுமா?" என்று தொலைபேசியில் அழைப்பார்கள். போய் எடுத்துக்கொடுத்துவிட்டு வருவாள். வந்ததும் காலிக் குழாய்களை எடுத்து மறுபடி மறுபடி அடுக்குவாள். பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

பள்ளி முடித்ததும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதியவள் அவள். முதல் தடவை பதினோரு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாம் தடவை நான்கில். மூன்றாவதாக எழுத வீட்டில் வசதியில்லை. அம்மா அப்போதுதான் நோயில் விழுந்திருந்தாள். அடுத்த வருடமே இறந்துபோனாள். அப்பா பதினாலு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். இரண்டு வருடப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தேழு வயதில் ஒருநாள் மதிய இடைவேளையில் சொன்னாள்: "அக்கா, நான் வெளிநாட்டுல போய் டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

"காசு இருக்கிறவங்க பிள்ளைங்க போறது அது" என்றேன் நான்.

"காசு வேற பிரச்சினை. அதுக்கு முன்னாடி, போனா டாக்டரா திரும்பி வர முடியுமான்னு தெரியணும்."

கடல் கடந்த கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்துக்கு அந்த வாரமே போனாள். குளிரூட்டப்பட்ட அறை, மெத்தை நாற்காலி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர். சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வருடம், இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனை.

"எங்க மூலமா போனவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேர் இன்னைக்கு டாக்டர்" என்றார் ஏஜென்ட்.

அவள் கண் வேறொரு படத்தில் நின்றிருந்தது. விமான நிலைய வாசலில், பெட்டிகளோடு, ஒரே மாதிரி பனியன் அணிந்து ஒரு கூட்டம். வருடம் போட்டிருந்தது. ஏஜென்ட் கட்டண விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தலைகளை எண்ணினாள். முப்பத்தெட்டு. பிறகு அதே வருடம் போட்ட வெள்ளைக் கோட்டுப் படங்களை எண்ணினாள். ஒன்பது.

"சார், இந்தப் படத்தை நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா. அடுத்த வருஷம் இதே மாதிரி படத்துல நீங்களும் இருப்பீங்க."

மறுநாள் காலையில் அந்தப் படத்தை என் மேசையில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். "ஒன்பது பேர் கதையை அந்தச் சுவரே சொல்லுதுக்கா. மிச்சம் இருபத்தொன்பது பேர் கதையை யாராவது போய்க் கேக்கணும்ல?"

ஆரம்பிக்க ஒரு நுனி கிடைத்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவர் எங்கள் மருத்துவமனையிலேயே அவசரப் பிரிவு டாக்டர். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது அவருக்கு. பெயர் பெயராகச் சொன்னார். ஐந்து பேரின் எண்களும் கொடுத்தார். "நீங்க மட்டும் எப்படி டாக்டர் தேறி வந்தீங்க?" என்று அவள் கேட்டதற்கு யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா டாக்டர். லீவுக்கு வரும்போதெல்லாம் அவரோட வார்டுலயேதான் கிடப்பேன். அது இல்லன்னா நானும் தேறியிருக்க மாட்டேன்."

அடுத்த நான்கு மாதமும் அவளுக்கு வார விடுமுறை என்று ஒன்று இல்லை. பேருந்து ஏறிப் போவாள். ஒருவர் வங்கியில் இருந்தார். ஒருவர் தனிப்பயிற்சி நிலையத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் தாய் வாசலிலேயே மறித்து, "என் பொண்ணுகிட்ட அந்தப் பேச்சை எடுக்காதீங்கம்மா, ரெண்டு நாள் சாப்பிட மாட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தேற வேண்டிய உரிமத் தேர்வை ஆறாவது தடவை எழுதத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர், கட்டிலில் பாதியைப் புத்தகங்களுக்கு விட்டுவிட்டு மறுபாதியில் படுத்துத் தூங்குகிறவர்.

அவளை அதிகம் யோசிக்க வைத்தவர் மூன்றாம் வருடத்தில் திரும்பிவிட்ட ஒருவர். மருந்துக்கடை வைத்திருந்தார். கடையில் கூட்டம் ஓயும்வரை காத்திருந்து அவரிடம் பேசினாள்.

"படிப்பு கஷ்டம்னு விட்டீங்களாண்ணா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. பாடம் எனக்கு வந்துச்சு. ஆனா அந்தக் காலேஜுக்குச் சொந்தமா ஆஸ்பத்திரி கிடையாது. பஸ்ல கூட்டிட்டுப் போய் எங்கயோ ஒரு வார்டைச் சுத்திக் காட்டுவாங்க, கண்காட்சி மாதிரி. நோயாளி வாயைத் திறந்தா எனக்கு ஒரு வார்த்தை புரியாது. வாத்தியார் பேசுற மொழி ஒண்ணு, நோயாளி பேசுற மொழி இன்னொண்ணு." மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப இந்தக் கடையில ஒரு நாளைக்கு நான் எத்தனை நோயாளிங்ககிட்ட பேசுறேனோ, அத்தனை பேர்கிட்ட அங்க மூணு வருஷத்துல பேசலம்மா."

"அப்போ என்னைப் போக வேணாம்னு சொல்றீங்களா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பதினெட்டு வயசு, எதையும் கேக்கத் தெரியாது. நீ கேக்குற."

இருபத்தொன்பதில் இருபத்துநாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். பதினொரு பேர் பட்டம் வாங்கியும் உரிமத் தேர்வில் தேறாதவர்கள். எட்டுப் பேர் பாதியில் திரும்பியவர்கள். மூவர் வேறு படிப்புக்குத் தாவியவர்கள். இருவர் அங்கேயே தங்கி வேறு தொழில் செய்பவர்கள். ஐந்து பேர் அகப்படவேயில்லை.

இத்தனையும் கேட்டால் மனிதர்கள் ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவளோ ஏஜென்டை மூட்டை கட்டினாள். ஏழு கல்லூரிகளுக்கு நேராகக் கடிதம் எழுதினாள். மூன்றே கேள்விகள். உங்களுக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? நோயாளிகளின் மொழியை எப்போதிலிருந்து கற்றுத் தருகிறீர்கள்? முதல் வருடம் சேர்கிறவர்களில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள்?

ஐந்து கல்லூரிகளிலிருந்து வண்ண வண்ணமாக விளம்பரத் தாள்கள் வந்தன. ஒன்றிலிருந்து பதிலே இல்லை. ஒரு தீவிலிருந்த சிறிய கல்லூரியின் பதிவாளர் மட்டும் ஆறு வரியில் எழுதியிருந்தார். மருத்துவமனை உண்டு, இருநூறு படுக்கை. மொழி முதல் வாரத்திலிருந்தே. சேர்கிறவர்கள் அறுபது பேர் என்றால் முடிப்பவர்கள் ஏறக்குறைய முப்பத்துமூன்று. இதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதை அப்பாவிடம் படித்துக் காட்டினாள்.

"அறுபதுல முப்பத்துமூணா? என் லிஃப்ட்டே அதைவிட ஒழுங்கா மேல போகும்" என்றார் அவர்.

"மத்த ஆறு பேரும் அந்தக் கணக்கையே சொல்லலப்பா. இவங்கதான் சொன்னாங்க."

"ஆழம் தெரியாம காலை விடாதம்மா."

"நாலு மாசமா ஆழம்தானப்பா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்பாவுக்கு மகளின் ஆசை தெரியாமலில்லை. அவருடைய அக்கா, அதாவது இவளுடைய அத்தை, "முப்பத்துமூணு வயசுல திரும்பி வர்ற பொண்ணுக்கு எங்க மாப்பிள்ளை தேடுறது?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு அவள் சண்டை போட்டுப் பதில் சொல்லவில்லை. "தேடுற வேலையை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன் அத்தை, ஆறு வருஷம் டைம் இருக்கு" என்றாள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பது. மருத்துவக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். முகப்பிலிருந்தவர், "எல்லாம் இணையதளத்துல இருக்கு" என்றார். "இருக்கு சார், அதையே எழுத்துல கொடுங்க" என்றாள். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை அதிகாரி விடுப்பு என்றார். மூன்றாம் தடவை இவளைத் தூரத்தில் பார்த்ததுமே கோப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். முத்திரை குத்திய கடிதத்தோடுதான் திரும்பினாள்.

ஏழு வருடச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்ந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அப்பாவை உட்காரவைத்துத் தன் முடிவுகளைச் சொன்னாள். முதல் இரண்டு வருடத்தில் ஒரே பாடத்தில் இரண்டு தடவை தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவது. உரிமத் தேர்வு மூன்று தடவை, நான்காவது கிடையாது. "அதுக்கு மேல நான் கெஞ்சினாலும் நீங்க விடக் கூடாது" என்றாள். "சரி. ஆனா அதுக்கு முன்னாடி நீ வர்றேன்னு சொன்னாலும் நான் விட மாட்டேன்" என்றார் அப்பா.

அவள் போன பிறகு பரிசோதனைக்கூடம் வெறிச்சோடிப் போயிற்று. வாரம் ஒரு தடவை என்னிடம் தொலைபேசியில் பேசுவாள். வகுப்பு முடிந்ததும் மருத்துவமனையின் புறநோயாளிகள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாளாம், வெறுமனே பேச்சைக் கேட்க. "அக்கா, இவங்களுக்கு வயித்து எரிச்சலுக்கு மட்டும் மூணு வார்த்தை இருக்கு. பசியில எரியுறது ஒண்ணு, சாப்பிட்டு எரியுறது ஒண்ணு, வீட்டுக்காரரால எரியுறது ஒண்ணு." மூன்றாவதுதான் அதிகமாக வருகிறதாம்.

இரண்டாம் வருடம் ஒரு பாடத்தில் தவறினாள். உயிர்வேதியியல். ஏழு வருடம் ரத்தப் பரிசோதனைக் குழாய்களோடு குடியிருந்தவள்! செய்தி கேட்டு எங்கள் கூடத்தில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். மறுதேர்வுக்கு ஏழு வாரம் இருந்தபோது தீவில் புயல் அடித்து விடுதிக் கூரையைக் கொண்டுபோயிற்று. கல்லூரியை மூடினார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஊருக்குப் பறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் திரும்பவில்லை. அவள் போகவில்லை. மருத்துவமனை நடைக்கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டு, பகலில் காயக் கட்டுப் போட உதவி செய்து, மிச்ச நேரத்தில் படித்தாள்.

"பயமா இல்லையாடி?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா விமானத்துல ஏறிட்டா திரும்ப ஏற மாட்டேனோன்னு அதைவிடப் பயமா இருக்கு."

மறுதேர்வில் தேறினாள். சேர்ந்த ஐம்பத்தெட்டுப் பேரில் கடைசி வருடத்தில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். அதில் அவள் ஒருத்தி.

முப்பத்துநான்காவது வயதில் பட்டத்தோடு வந்து இறங்கினாள். உரிமத் தேர்வு எழுதினாள். ஆறு மதிப்பெண்ணில் போயிற்று.

அந்த வாரம் அவளை நான் அழைக்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடத்துக்குள் அவளே வந்து நின்றாள். அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது, அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், காலை நேரம் மட்டும் பழைய வேலை கிடைக்குமா என்று கூடத்தின் தலைவரிடம் கேட்டாள். கிடைத்தது. ஆனால் எங்களுக்குத்தான் அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பட்டம் வாங்கியவள், பழைய நாற்காலியில், பழைய ரப்பர் பட்டையோடு. விஷயம் தெரிந்த நோயாளி ஒருவர் கேட்டேவிட்டார்: "நீங்க டாக்டரா, இல்ல ரத்தம் எடுக்கிறவங்களா?"

"இன்னைக்கு ரத்தம் எடுக்கிறவங்க. கையை நீட்டுங்க."

பன்னிரண்டு மணிக்கு எழுந்து போனால் மாலைவரை வார்டில் இருப்பாள். அவசரப் பிரிவு டாக்டர் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். நோயாளிகளின் கட்டிலருகே நின்று கேட்பாள், எழுதுவாள், வீட்டுக்குப் போய்ப் படிப்பாள். ஆறு மாதமும் இப்படியே.

இரண்டாவது தேர்வின் முடிவு வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு அம்மாளின் கையில் பட்டையைக் கட்டி ஊசி ஏற்றியிருந்தாள். அவளுடைய கைபேசி என் மேசையில்தான் இருந்தது, அப்பா அழைத்தார். எடுத்தேன். "முடிவு வந்துடுச்சு, தேறிட்டா... சொல்லு அவகிட்ட" என்றார். நான் இருந்த இடத்திலிருந்தே கத்திவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையை அவிழ்த்தாள். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, அந்த அம்மாளை விரலால் அதை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். குழாயில் பெயர்ச் சீட்டை ஒட்டி, ஒருதடவை சரிபார்த்து, தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். பஞ்சைப் பிடித்திருந்த அந்த அம்மாள் பதறிப்போய், "என்னம்மா, என் ரத்தத்துல ஏதாவது கெட்டதா?" என்று கேட்க, அழுகையும் சிரிப்புமாக எல்லோரும் சேர்ந்து அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

ஒரு வருடப் பயிற்சி முடித்து, நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது மூன்றாவது வருடம். கடன் இன்னும் ஐந்து வருடம் ஓடும். மாப்பிள்ளை தேடும் பொறுப்பு அத்தையிடமே இருக்கிறது. அத்தைதான் இப்போது மூட்டு வலிக்கு மருந்து கேட்டு அவளைத் தேடுகிறாள். கல்லூரி பற்றி விசாரிக்க யாராவது வந்தால், போ என்றும் அவள் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. பதிவாளருக்கு எழுதிய மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதில் வந்த பிறகு வரச் சொல்கிறாள். திரும்பி வந்தவர்கள் இதுவரை இரண்டு பேர்தானாம்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசல்வரை வரிசை. நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். தலையில் அடிபட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்க சாப்பிடுங்கக்கா, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.