ஃபீடு வரலீங்களா?

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் செல்வப்பிரியாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டு விழித்தவர்கள்தான். "இது எங்கிருந்துங்க வருது?" என்று ஆரம்பித்தாள் என்றால் விடமாட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை முக்கால் மணி நேரம் நிறுத்தி, அது எந்த ஊரில் நிரம்பியது, எந்த லாரியில் ஏறியது என்று துருவியவள். அதற்குப் பிறகு அந்த ஆள் சிலிண்டரைக் கேட்டோரம் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான், பாவம்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில், பொருள் வாங்கும் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தாள். கேன்டீனுக்குக் கத்திரிக்காய் எங்கிருந்தோ லாரியில் வரும். அதே நாளில் அவள் புருஷன் தனபாலின் தோட்டத்துக் கத்திரிக்காய் வேலந்தாவளம் சந்தையில் கேட்க நாதியில்லாமல் கிடக்கும். கேன்டீனுக்குக் காய் வேண்டும் என்ற சேதி ஊருக்குள் வரவே இல்லை, அவ்வளவுதான். இதை நினைத்து நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேலையை விட்டாள். சந்தை விலை, எந்தக் கம்பெனிக்கு என்ன வேண்டும், எந்த மானியத்துக்கு என்றைக்குள் பஞ்சாயத்தில் அபேட்சை மனு கொடுக்க வேண்டும் என்று தினமும் காலையில் எழுதிப் போட ஒரு வலைத்தளம் தொடங்கினாள்.

எழுதுவது சரி, போய்ச் சேர வேண்டுமே! சமூக வலைத்தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தாள். யாருக்கு எதைக் காட்டுவது என்று அதுவே முடிவு பண்ணியது. திங்கட்கிழமை டெண்டர் சேதி வியாழக்கிழமை, நாலு பூனைக்குட்டி வீடியோவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. டெண்டர் முடிந்தது செவ்வாய்.

வேறு வழி தேடியபோதுதான் ஆர்.எஸ்.எஸ். ஃபீடு கண்ணில் பட்டது. பழைய சங்கதி. படிக்கிறவர் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, அவள் தளத்தின் முகவரியை ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும். ஆப்பே அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும். புதுசாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு பயலும் கிடையாது. "அடேயப்பா, இத்தன நாளா இது எங்கிருந்துச்சு!" என்று துள்ளினாள். தயாராகக் கிடைக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டாளா? அதுதான் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஃபீடு கோப்பை எழுத்தெழுத்தாகத் தானே தட்டினாள்.

பெயரில்தான் சிக்கல். அந்த மூன்று எழுத்தை இந்தப் பக்கம் சும்மா சொல்ல முடியுமா? எந்தக் கட்சி என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதனால் அதை வெட்டிவிட்டு, பால் சொசைட்டி சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: 'நம்ம ஃபீடு இலவசம். ஒருதடவை சேர்ந்தால் போதும். தினமும் காலையில் வந்துவிடும்.' கீழே அவள் பெயரும் நம்பரும்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் பதினோரு பேர், கையில் சாக்கு. இந்த ஊரில் ஃபீடு என்றால் மாட்டுத் தீவனம்! அது அவளுக்குத் தோன்றவே இல்லை, மற்றதையெல்லாம் துருவியவளுக்கு. முன்னால் நின்றவர் நாலு கறவை வைத்திருக்கும் நாச்சம்மாள். விஷயம் புரிந்ததும் அந்தம்மா சாக்கை உதறினார்.

"ஏனுங்க அம்மிணி, எம்மாட்டுக்குப் போனு பாக்கத் தெரியாதுங்க!"

ஊரே ஒரு வாரம் சிரித்தது. செல்வப்பிரியா கூனிக்குறுகிப் போனாள்.

சிரிப்பு அடங்கியபின் தனபால் கேட்டான். "சரி புள்ள, எத்தன பேரு இதப் படிக்கறாங்க?"

இந்த ஃபீடில் அதுதான் வம்பு. யார் சேர்ந்தார்கள் என்று அது சொல்லாது. எட்டிப் பார்த்துப் போவது நாலைந்து எந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருப்பது ஒருத்தரா நூறு பேரா, தெரியாது. ஆறு மாதம் தினமும் எழுதினாள். ஒரு ஆளாவது படிக்கிறாரா? அந்தக் கேள்வி அவளை அரித்தது. இதற்குள் பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிக் கடிதம் போட்டது. "திங்கக்கெழமைக்குள்ள தெரியலீன்னா வேலைக்கே போயிர்றேன்" என்று அவளே சொன்னாள்.

ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்தது. கடைசித் தடவை என்று விடியற்காலையில் விலையெல்லாம் எழுதிப் போட்டுவிட்டு, சேலை கட்டி, சோற்று டப்பாவைப் பைக்குள் வைத்தாள். போன் அடித்தது. புது நம்பர்.

"அக்கா, ஒங்க தளத்துல நம்பரப் பாத்தேன். சின்னக்கானல்ல இருந்து மணிகண்டன் பேசுறேன். எஸ்டேட்டுல மெஸ் வச்சிருக்கேன். ஒங்க வெலயப் பாத்துத்தான் காய்க்கு ஆர்டர் போடுவேன். இன்னைக்கி ஏன் வரல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அழைப்பு. வாளையாறு. அப்புறம் கொழிஞ்சாம்பாறை. வெட்டினால் அடுத்தது. ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தாள். 'கத்திரி & முருங்கை' என்று தலைப்பு வைத்திருந்தாள். அந்த '&' குறியைக் கோப்புக்குள் அப்படியே போடக் கூடாது; போட்டால் மொத்த ஃபீடும் நின்றுவிடும். தெரிந்தவள்தான். அழுதுகொண்டே தட்டியதில் கவனம் விட்டுப்போயிருந்தது.

கேட்டில் தட்டும் சத்தம். நாச்சம்மாள். கையில் சாக்கு இல்லை, போன்.

"ஏனுங்க அம்மிணி, இன்னிக்கு ஃபீடு வரலீங்களா?"

"உங்குளுக்கு எங்கிருந்துங்க வருது?" என்று வாயைப் பிளந்தாள் செல்வப்பிரியா.

"அன்னிக்குச் சாக்கத் தூக்கீட்டு நாயா நடந்தனல்லோ. அப்பிடி என்னதான் குடுக்கறீங்கன்னு பாத்தர்லாம்னு எம்மவ கௌசிகாகிட்டச் சொல்லிப் போட்டுக்கிட்டனுங்க. இப்ப ரெண்டு கேன்டீனுக்கு எம்பால்தான் போவுது."

செல்வப்பிரியா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறகு உள்ளே ஓடி, 'கத்திரியும் முருங்கையும்' என்று திருத்தினாள்.

ரோட்டில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. தனபால்தான் கேட்டுக்குப் போனான். அவன் கையில் அவள் போன், இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

"அவ வர்லீங்க, நீங்க போங்க. இங்க ஃபீடு போட ஆளில்லாம ஊரே காத்துக்கிட்டிருக்குது."