ஆர்வோ இறந்த அன்று எழுந்த புகை

நவம்பர் பிறந்ததும் ஹெல்மி படுக்கையறை ஜன்னலின் திரையை இழுத்து மூடிவிடுவாள். மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்காற்று வீடுகளைப் பிடித்து உலுக்கும் அந்த ஊரில், சனிக்கிழமை சாயங்காலமானால் எல்லாக் கொல்லையிலும் சவுனா அறையின் அடுப்பை மூட்டி நீராவியில் குளிப்பார்கள். அவள் கொல்லையில் மட்டும் ஆறு வருடமாக அடுப்பு எரியவில்லை. ஆனாலும் சில மாலைகளில், பூட்டிக் கிடக்கும் சவுனாவின் புகைபோக்கியிலிருந்து புகை போவது போல் அவளுக்குத் தெரியும். திரை அதற்காகத்தான்.

ஆறு வருடம் முன்பு, மான் வேட்டையின் முதல் நாளில் அவள் புருஷன் ஆர்வோ இறந்துபோனான். கொம்புமான் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, பனியில் இழுத்துக்கொண்டு வரும்போது நெஞ்சு நின்றுவிட்டது. அவன் தம்பி தாவிதான் வண்டியில் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினான். ஹெல்மி புருஷன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தாவியைக் காணவில்லை. ஜன்னலில் பார்த்தால் சவுனாவிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. உடம்பு ஆறுவதற்குள் இவனுக்குக் குளியல் கேட்கிறதா! கை சிவந்து, நெற்றி வியர்த்து அவன் உள்ளே வந்தபோது, காபிக் கெண்டியைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தாள். அப்படியே திரும்பிப் போனவன் அப்புறம் வரவே இல்லை.

பள்ளிக்கூடச் சமையல் வேலையில் ஒற்றை ஆளாக அவள் பாடு ஓடியது. இந்த வருடம் மகள் கைசா, வேலை போய், இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். இறைச்சி வைக்கும் உறைபெட்டி காலி. ஒரு மான் விழுந்தால் குளிர்காலம் போய்விடும். ஆறு வருடமாகத் தொடாத ஆர்வோவின் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினாள். ஃபின்லாந்து ராணுவம் கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கி அது.

கடைக்காரன் கிளெட்டஸ் அவளோடு படித்தவன். ஒரு சின்னத் தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தான். விலைச் சீட்டைப் பார்த்து அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"மானைச் சுடணும் கிளெட்டஸ். அதுக்கு நகை வாங்கிப் போட வரல."

"நான் என்ன பண்ண? பட்டாளத்துத் தோட்டா வர்றது நின்னு போச்சு. முன்னெல்லாம் மத்தி மீன் மாதிரி தகர டப்பாவுல அடுக்கி வரும், அள்ளிக்கிட்டுப் போவீங்க. இப்ப ஊர்ல அது இருக்கிறது தாவியோட நிலவறையிலதான்."

"அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்குப் பதிலா டர்னிப் கிழங்கத் தின்னுட்டுக் கிடப்பேன்."

"சரி, முதல்ல இது சுடுமான்னு பாப்போம். கடைசியா எப்ப சுட்டது?"

"ஆர்வோ போன அன்னிக்கு."

"கழுவினியா?"

"பொணத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவடா துப்பாக்கி கழுவுவா?"

கிளெட்டஸ் உதட்டைப் பிதுக்கினான். "அப்ப குழல் செத்துது. அந்தத் தோட்டா மருந்து உப்பு விடும்னு உனக்கே தெரியும். ரெண்டு நாள் விட்டாலே துரு தின்னுடும்."

துப்பாக்கியின் தாழை இழுத்துக் கழற்றி, விளக்கடித்துக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஹெல்மி, நீயே பாரு."

குழல் முனைவரைக்கும் பனிக்கட்டி மாதிரி மின்னியது.

"அன்னிக்கே யாரோ கழுவியிருக்காங்க. எண்ணெய்க்கு இந்த உப்பு மசியாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினாத்தான்."

கடைக்குள்ளேயே அவள் கண்முன் அந்தப் புகை எழுந்தது. வேட்டை முடிந்த ஒவ்வொரு மாலையும் ஆர்வோ சவுனா அடுப்பில் கெண்டியை வைத்து, புனல் வழியாகக் குழலில் வெந்நீர் ஊற்றியது நினைவுக்கு வந்தது. தாவியின் சிவந்த கைகளும்.

தாவி கதவைத் திறந்ததும் துப்பாக்கியைத்தான் பார்த்தான். "என்ன, இந்தத் தடவ காபிக் கெண்டிய மறந்துட்டு வந்துட்டியா?"

அவன் புருவத்தின் மேல் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏண்டா சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? அவனுக்கு இனி என்ன அவசரம் ஹெல்மி? துப்பாக்கிக்குத்தான் அவசரம். எழுந்து உக்காந்திருந்தா முதல்ல அதத்தான் கேட்டிருப்பான். உன் பக்கத்துல வந்து உக்கார எனக்குத் தெம்பில்ல. கைக்கு ஒரு வேலை வேணும்னு இருந்துச்சு."

நிலவறைக்குப் போய்ப் பிரிக்காத பச்சை டப்பா ஒன்றைத் தூக்கி வந்தான்.

"என்ன குடுக்கணும்?"

"ஒரு தொடைக்கறி குடு. சுட்ட அன்னிக்கே கழுவிடு."

வேட்டையின் முதல் நாளே மான் விழுந்தது. சாயங்காலம் அவள் சவுனாவின் பூட்டைத் திறந்து அடுப்பை மூட்டினாள். துப்பாக்கியை வாசலோரம் வாளிக்குள் நிறுத்திப் புனலை வைத்து ஊற்ற, தண்ணீர் கறுப்பாக வந்து, சாம்பல் நிறமாகி, தெளிந்தது. குழல் குளிரில் ஆவி விட்டது.

தாவி அன்று நின்றது இதே இடத்தில்தான். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குப் புகை மட்டும்தான் தெரியும், கெண்டி தெரியாது.

மூடிய திரைக்குப் பின்னால், கட்டிலோரத்தில், அன்றைய அவளைப் போலவே ஒரு பெண் யார் கையையோ பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கைசாவும் பிள்ளைகளும் சமையலறையில் சிரிப்பது கேட்டது. ஹெல்மி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கெண்டியை உயர்த்திக் காட்டினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

இன்னொரு கெண்டித் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.