எங்கள் வீட்டு மருமகள்கள் எல்லாரும்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தர்க்கம் சொல்லித்தருவது என் வேலை. 'எல்லாம்', 'ஏதாவது ஒன்று' என்ற இரண்டை வைத்துக்கொண்டே பருவத்தில் பாதியை ஓட்டிவிடுவேன். எங்கள் வீட்டு யானைகள் எல்லாமே இங்கிலீஷ் பேசும் என்பேன். வகுப்பு சிரிக்கும். 'எல்லாம்' என்பதைப் பொய்யாக்க, இங்கிலீஷ் பேசாத யானை ஒன்றையாவது காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் யானையே கிடையாது. ஆகவே நான் சொன்னது உண்மைதான். இல்லாததைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம்.

என்னைப் பெண் பார்க்கப் பழனியிலிருந்து வந்தவர்கள் இதைப் படிக்காமலே கரைத்துக் குடித்திருந்தார்கள். லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம். பஞ்சாமிர்த டப்பாவும் பெருமையுமாக வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்வார்களா என்பது ஒன்றுதான் என் கேள்வி. விடச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"அதெப்படிங்க? எங்கூட்டு மருமக ஒருத்தியக்கூட வேலைய விடச் சொன்னதில்லைங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா உருகிவிட்டார். "பாத்தியாத்தா, இம்புட்டு நல்ல மனுசங்க!" மாப்பிள்ளையின் வாயில் கேசரி இருந்தது.

"உங்களுக்கு எத்தனை மருமகங்கம்மா?" என்று கேட்டேன்.

"இவன் ஒரே பையன் கண்ணு. நீதான் மொதல்ல வரப்போற."

என் யானை நடுக்கூடத்தில் வந்து நின்றது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அப்பா முறைத்தார். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே!

"நீங்க வேலைக்குப் போனதில்லையாம்மா?"

"போனனே கண்ணு. கன்னிவாடிப் பக்கம் டீச்சரா இருந்தேன். கண்ணாலமாகி வந்ததும் மாமியா விடச் சொல்லிட்டாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு மருமகள் இருந்தாள், என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நீங்களும் அந்த வீட்டு மருமகதானேம்மா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய யாரு கண்ணு கணக்குல சேத்தா?" என்றார்.

அவர்கள் கிளம்பியதும் முடியாது என்று சொல்லிவிட்டேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான்த்தா" என்றார் அப்பா.

"அப்படியில்லாத ஒரு வீட்டைப் பாருங்கப்பா. ஒண்ணு போதும்."

மறுநாள் முதல் வகுப்பு எனக்கு. யானையை விட்டுவிட்டு மருமகளில் ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை.