பெயர் இருந்தால் ஊசி உண்டு

பாஞ்சாலை வாயைத் திறந்தால் எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கோலா தெர்லா ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் கூடை சுமந்தவள். துரைக்கும் பயமில்லை, மழைக்கும் பயமில்லை. காலில் அட்டை ஏறினால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த காலரா மலையடிவாரத்து ஊர்கள்வரை வந்துவிட்டது. தோட்டத்துக்கு ஊசி மருந்து வந்தது. ஆனால் பெரட்டுப் புத்தகத்தில், அதாவது காலையில் ஆள் கூப்பிடும் புத்தகத்தில், பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று உத்தரவு.

அதே மலையில் சிவப்புக் கார்டுக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். குடியுரிமை கிடையாது, பர்மிட் கிடையாது. அதனால் புத்தகத்தில் பெயரும் கிடையாது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இடம் கொடுக்காததால் ஓடையோரத் தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு ஓடைத் தண்ணீரையே குடித்தார்கள். குழாய்த் தண்ணீர் குடிப்பவனுக்கு ஊசி, ஓடைத் தண்ணீர் குடிப்பவளுக்கு ஒன்றுமில்லை. என்ன நியாயமோ!

ஆனால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சுகுமாரன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். இறந்தவர்கள், இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் என்று பதினொரு பெயர்களைப் புத்தகத்தில் அடிக்காமலே விட்டிருந்தார். கொழுந்து எடுக்க ஆள் வேண்டுமே! தினமும் காலையில் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டால் இந்தப் பெண்கள்தான் "இருக்கேன்" என்பார்கள்.

"வேலைக்கு ஆவுற பேரு ஊசிக்கும் ஆவும்லா. கூப்பிட்டா கம்முனு போய் கைய நீட்டுங்க," என்றாள் பாஞ்சாலை.

ஊசி நாளன்று தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடும் டிரசர் சுப்பிரமணியம் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். கறாரான மனிதர்.

"மணியம்மா! வயசு அறுபத்திரண்டு!"

இருபது வயது தாமரை நெளிந்துகொண்டே வந்து நின்றாள். டிரசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அறுபத்திரண்டா?"

"மலைக்காத்து ஐயா, வயசு தெரியாது," என்றாள் பாஞ்சாலை.

களமே சிரித்தது. கிராணி மட்டும் வானத்தைப் பார்த்தார். டிரசர் கிராணியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. தாமரையின் கையில் ஊசியைக் குத்தினார்.

பதினொரு பெயர்களும் தீர்ந்தன. மிஞ்சியவள் நீலா. போன மாதம்தான் கம்போங் ராஜாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள். அவளுக்குக் கொடுக்கப் பெயர் மிச்சமில்லை. ஓரமாக நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பாஞ்சாலை!" என்று கடைசிப் பெயரைக் கூப்பிட்டார் டிரசர்.

பாஞ்சாலை நீலாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி, இப்ப நீதான் பாஞ்சாலை."

"அப்ப நீங்கக்கா?"

"பால் குடுக்குறவ நீ. பேசாம போ லா!"

நீலாவுக்கு ஊசி போட்டாயிற்று. பாஞ்சாலை சிரித்துக்கொண்டுதான் நின்றாள். உள்ளுக்குள் கதிகலங்கிப் போயிருந்தாள். அவளுடைய அண்ணன் வாந்திபேதியில் ஒரே பகலில் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

டிரசர் பெட்டியை மூடவில்லை. "இன்னொரு ஊசி இருக்கு. இங்க வா."

"அதான் என் பேரு முடிஞ்சுபோச்சே ஐயா."

"என் பேரு இருக்கு. கைய நீட்டு."

சுப்பிரமணியம், ஆண், வயது ஐம்பத்தொன்று என்ற வரிக்கு நேரே அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, மீச கீச மொளைச்சிடாதே?" என்றாள் பாஞ்சாலை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணில் நீர் நிற்கவில்லை. பதினெட்டு வருடத்தில் ஆபீஸ்காரர் ஒருவர் தனக்காக எதையும் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை.

அன்று அந்தக் களத்திலிருந்து ஊசி போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனவர் டிரசர் ஒருவர்தான்.